வக்கீலின் சம்மதம்

நான் சொல்லப் போவதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு நான் பிறகு சேர்த்துக்கொண்டது என்று எனக்கே உறுதியில்லை. குளியலறைத் தரை நீல நிறம் என்று நான் சொன்னால் தம்பி பச்சை என்கிறான். அம்மாவோ அந்த வீட்டுக் குளியலறையில் டைல்ஸே கிடையாது என்று சாதிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் ஒரு கதையை இரண்டு பேர் ஒரே மாதிரி சொல்லி நான் கேட்டதில்லை. இதுவும் அந்த வகைதான். ஆனால் மாமாவின் முகத்தைப் பற்றி நான் சொல்வதை மட்டும் நம்பலாம். அதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு சலவைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். அம்மா அந்தக் கடையிலேயே துணி தேய்த்தாள். மத்தியானத்தில் நீராவி ஜன்னல் வழியாக ஏறி வந்து எங்கள் வீட்டுச் சுவர்களுக்கு வியர்க்கும். அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிற மனிதர், தன் வீட்டுக்கு மட்டும் மூச்சு வாங்கப் படியேறி வருவார். அதிகம் பேசமாட்டார். எனக்கும் பேசாமல் இருப்பதுதான் வசதி. எங்கள் இரண்டு பேர் பங்கையும் சேர்த்து என் தம்பி பேசினான். வயது ஆறு. எதைச் சொன்னாலும் “அதெப்படி?” என்று கேட்பதால் அவனை வக்கீல் என்று கூப்பிட்டோம். கைக்குழந்தையாக இன்னொருவன் இருந்தான். ஞானஸ்நானத்தன்றுதான் பெயர் வைப்பது வழக்கம் என்பதால் அவன் இன்னும் வெறும் குட்டிதான்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஜெபம். ஜெபம் முடிந்ததும் ஒரு கதை. கதை அம்மாவின் இலாகா.

ஞாயிறு வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற கதைகளில் அம்மாவுக்கு அரை நம்பிக்கைதான். கதைகளில் குறை ஒன்றுமில்லை, தூரம்தான் அதிகம் என்பது அவள் கட்சி. “எந்தக் காலத்துலயோ எவனோ தப்பு பண்ணினா உங்களுக்கு எங்க உறைக்கப்போகுது? நம்ம ரத்தம் பண்ணினாதான் சுருக்குனு இருக்கும்,” என்பாள். அதனால் எங்கள் வீட்டில் ஆண்டவருக்குப் பிடித்ததையும் பிடிக்காததையும் சொந்தக்காரர்களை வைத்தே கற்றுக்கொண்டோம்.

நல்ல குணங்கள் முழுவதும் அப்பாவின் அக்கா பேரில் எழுதப்பட்டிருந்தன. அத்தை பொறுமையாகக் காத்திருந்தாள். அத்தையை யாரோ திட்டினார்கள், அத்தை மன்னித்தாள். அத்தைக்குச் சின்னத் துண்டு கிடைத்தது, அத்தை அதுவே போதும் என்றாள். அத்தை கதைகளில் இதற்கு மேல் ஒன்றும் நடக்காது. வக்கீல் பாதியிலேயே தூங்கிவிடுவான்.

பாவங்கள் அம்மாவின் ஒரே தம்பி பேரில் இருந்தன. அவர் வேறு ஊரில், வெகு தூரத்தில் இருந்தார். நாங்கள் அவரைப் பார்த்ததே இல்லை, அல்லது நினைவு தெரியாத வயதில் பார்த்திருந்தோம். அவரைப் பொய் மாமா என்று அழைத்தோம்.

பேராசைக்குக் கேக் கதை. போதகர் வீட்டுக்குக் கொடுக்கச் செய்து வைத்திருந்த கேக்கை மாமா அடியிலிருந்து குடைந்து, வெளித்தோல் கெடாமல் உள்ளே மட்டும் தின்று, தட்டில் திருப்பி வைத்துவிட்டார். போதகரின் மனைவி வெட்டியபோது கத்தி பிடி வரைக்கும் இறங்கியது. பெருமைக்கு ஷூ கதை. புது ஷூவை எல்லோரும் பார்க்கட்டும் என்று ஆராதனை தொடங்கிய பிறகு வந்து, முன் வரிசை வரை கிறீச் கிறீச்சென்று நடந்து, இடமில்லாதது போல் திரும்பிப் பின்வரிசைக்கு நடந்து, மறுபடி முன்னால் வந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலே பொய்க்கு மணிக் கதை. வேதபாடத் தேர்வுக்கு மாமா ஒரு வரி படிக்கவில்லை. அன்றைக்குக் காலையில் மணிக்கூண்டின் இரும்பு ஏணியைப் பிடித்து உச்சி வரை ஏறினார். மணியின் கயிறு அறுந்து நாளாகியிருந்தது. ஆகவே மணியைக் கையாலேயே தள்ளித் தள்ளி அடித்தார். எங்கேயோ நெருப்பு என்று தெருவே வாளியும் தண்ணீருமாக ஓடிவந்தது. தேர்வு நின்றுபோயிற்று. யார் அடித்தது என்று விசாரித்தபோது, காக்கா உட்கார்ந்தது என்றார்.

“எவ்வளவு பெரிய காக்கா?” என்று வக்கீல் ஒவ்வொரு தடவையும் கேட்பான்.

“அதான் பாரு. ஒரு பொய் சொன்னா, அதுக்குத் துணைக்கு இன்னொண்ணை அனுப்ப வேண்டியிருக்கு,” என்று அம்மா முடிப்பாள்.

அந்தக் கதையை அம்மா சொல்லும் விதமே தனி. ஏணியின் துரு உள்ளங்கையில் ஒட்டுவது, மேலே காற்று காதை அடைப்பது, கீழே மனிதர்கள் பொத்தான் அளவுக்குத் தெரிவது எல்லாம் வரும். அப்பா அப்போது மட்டும் செய்தித்தாளைக் கீழே இறக்குவார். நான் அதைக் கவனித்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை.

இந்த நிலையில்தான் மாமா போன் செய்தார். ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் வாங்கிப் பொறுப்பேற்கிறவர்கள்தான் ஞானத்தாயும் ஞானத்தகப்பனும். எனக்கு ஞானத்தாய் அத்தை. வக்கீலுக்கு அப்பாவின் மேலதிகாரி ஞானத்தகப்பன். “மூணாவதுக்காவது நான்தானேக்கா?” என்று மாமா கேட்டது, ரிசீவருக்கு வெளியே எனக்கும் கேட்டது. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. இனி ஆகும் என்று யாரும் பேசுவதையும் விட்டுவிட்டார்கள். அம்மா ஒரு கணமும் யோசிக்காமல், “உன்னை விட்டா யாருடா?” என்றாள்.

அவள் யோசித்திருக்க வேண்டும். எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. ஞானஸ்நானத்துக்கு முந்தைய வாரம் போதகர் வீட்டுக்கு வருவார். ஞானத்தகப்பனாக நிற்கப் போகிறவரை நடுவில் உட்கார வைத்து, வீட்டிலிருக்கும் ஒவ்வொருவரிடமும் சம்மதமா என்று கேட்பார். பேசத் தெரிந்த பிள்ளை வரைக்கும் கேட்பார். ஒருவர் இல்லை என்றாலும் வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான். பிள்ளைகளை ஏமாற்ற முடியாது என்பது அவர் நம்பிக்கை.

மாமா வந்த அன்று கதவைத் திறந்தது வக்கீல். வாசலில் ஒரு குட்டையான மனிதர், தோளில் துணிப்பை, கையில் இரும்புப் பெட்டி, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். வக்கீல் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

“நீங்கதானா பொய் மாமா?”

சமையலறையில் ஒரு மூடி கீழே விழுந்து உருண்டது.

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். “அந்தப் பேர்ல வேற மாமா யாராவது இருக்காரா?”

“இல்ல.”

“அப்ப நான்தான்.”

அம்மா ஓடிவந்து, “சின்னப் பிள்ளைடா, வாயில வந்ததை உளறும்,” என்று அவர் பையை வாங்கினாள். மாமா குட்டி இருந்த தொட்டிலைத் தேடிப் போனார். குனிந்து பார்த்தார். தொடவில்லை. கை கழுவிக்கொண்டு வந்து, அப்போதும் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“தூக்கேன்டா,” என்றாள் அம்மா.

“அன்னிக்குத் தூக்கிக்கிறேன்கா. போதகர் கையில இருந்து என் கைக்கு வரட்டும். அதுக்குத்தான் வந்திருக்கேன்.”

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது, இந்த மனிதருக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றியது. பத்து வயதில் தோன்றுவது எவ்வளவு சரி என்று தெரியவில்லை. தோன்றியது.

மாமா டைல்ஸ் பதிக்கிறவர். தரைக்கு மட்டும்தான் பதிப்பார், சுவருக்குப் போக மாட்டார். “தரையோட தரையா இருக்கிற தொழில், யாரும் நம்மைத் தள்ளிவிட முடியாது,” என்றார். முழங்கால் இரண்டிலும் தோல் செருப்பு மாதிரி தடித்திருந்தது. வந்த மறுநாளே, சும்மா உட்கார முடியவில்லை என்று எங்கள் குளியலறைத் தரையைப் பெயர்க்க ஆரம்பித்தார். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. “மச்சான், நீங்க விருந்துக்கு வந்தீங்களா, வேலைக்கு வந்தீங்களா?” என்று கேட்டுவிட்டு, மாமா சொல்லும் பதிலுக்கு நிற்காமல் போய் வெள்ளை சிமெண்ட் வாங்கி வந்தார்.

வக்கீல் அவர் மேல் ஒரு கண் வைத்திருந்தான். பாவி ஒருவன் வீட்டுக்குள்ளேயே தங்கியிருப்பது அவனுக்கு மிருகக்காட்சிச் சாலையை வீட்டில் வைத்திருப்பது போல் இருந்தது. பிஸ்கட் டப்பாவைத் தன் தலையணைக்கு அடியில் மாற்றி வைத்தான். காலையில் மாமா பல் தேய்க்கும்போதே விசாரணை ஆரம்பித்துவிடும்.

“மாமா, இன்னிக்கு எத்தனை பொய் சொன்னீங்க?”

“இப்பதானே மருமகனே எழுந்தேன். வாயைக் கொப்பளிக்க விடு.”

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, குளியலறை வாசலில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு நாங்கள் இருவரும் அதன் மேல் உட்கார்ந்திருந்தோம். மாமா ரசமட்டத்தை ஒரு டைல் மேல் வைத்து, அதற்குள் இருந்த நீர்க்குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை ரப்பர் சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தார். அம்மா வேலைக்குப் போகுமுன் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“மாமா,” என்றான் வக்கீல். “சர்ச் மணியை நீங்கதானே அடிச்சீங்க?”

தட்டல் நின்றது. சமையலறையில் பாத்திரச் சத்தமும் நின்றது. குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுவது மட்டும் கேட்டது.

“எந்த மணி?”

“உங்க ஊர் சர்ச்ல. தேர்வு அன்னிக்கு. ஏணியில ஏறி.”

“யாரு சொன்னா?”

“அம்மா.”

மாமா குனிந்தபடியே இருந்தார். நீர்க்குமிழி எப்போதோ நடுவுக்கு வந்து நின்றுவிட்டது. அவர் அதையே பார்த்தார். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. பேசாமல் இருப்பவர்களை எனக்குப் பழக்கம் உண்டு. ஆனால் இந்த மௌனம் வேறு மாதிரி. ஒரு மனிதன் இரண்டு சாமான்களில் ஒன்றைத்தான் தூக்கிக்கொண்டு போக முடியும் என்று தெரிந்து, இரண்டையும் பார்த்துக்கொண்டு நிற்பது போல.

“அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார் கடைசியில்.

“அப்ப நீங்கதானா?”

“நான்தான்.”

சமையலறையில் பாத்திரங்கள் மறுபடி சத்தம் போட்டன. முன்னைவிட அதிகமாக.

“வேற என்னென்ன பண்ணியிருக்கேன்?” என்று மாமா கேட்டார். வக்கீல் ஒவ்வொன்றாகச் சொன்னான். மாமா அடுத்தவர் கதையைக் கேட்பது போல ரசித்துக் கேட்டார். கேக்கில் கத்தி இறங்கிய இடத்தில் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், கண்ணெல்லாம் சிமெண்ட். “பயங்கரமான ஆளாத்தான் இருந்திருக்கேன்,” என்றார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் கொஞ்சம் உரக்க, “அக்கா, கொலை ஒண்ணுதான் பாக்கி போல,” என்றார்.

அம்மா ஈரக் கையோடு வெளியே வந்து, எங்கள் யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்கு இறங்கிப் போனாள்.

“பாத்தியா,” என்று வக்கீல் என் காதில் சொன்னான். “ஒத்துக்கிட்டாரு. நான் சம்மதம் சொல்லமாட்டேன். பொய் சொல்றவர் கையில குட்டியைக் குடுக்கக் கூடாது.”

“அவர் அதுக்குன்னே வந்திருக்காருடா.”

“அதுக்கு? அம்மாதானே சொல்லிக்குடுத்தாங்க?”

 

அம்மாவிடம் நான் ஒரே ஒரு தடவை முயற்சி செய்தேன். தேய்த்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். “வக்கீல் சம்மதம் சொல்லமாட்டானாம்,” என்றேன். அவள் போதகரின் வெள்ளை அங்கியை மடிப்பதை நிறுத்தி, விரித்து, மறுபடி தேய்த்தாள். அதில் ஒரு சுருக்கமும் இல்லை. “சின்னப் பிள்ளைதானே, அப்ப மாறிடுவான்,” என்றாள். சுருக்கம் அவள் குரலில்தான் இருந்தது.

போதகர் வருவதற்கு முந்திய மாலை குளியலறை பல்பு எரிந்துபோனது. மாமாவுக்கு ஓரத்தில் இன்னும் சிமெண்ட் பூச வேண்டியிருந்தது. ஸ்டூலைக் கொண்டு வந்து நடுவில் வைத்தார். புது பல்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தார்.

“மருமகளே, நீ ஏறி மாத்துறியா?”

“எனக்கு எட்டாது மாமா.”

“நீங்க ஏறுங்க,” என்றான் வக்கீல். “நீங்கதான் இங்க இருக்கிறதுலயே உயரம்.” அவரை யாரும் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மாமா வலது காலை ஸ்டூல் மேல் வைத்தார். இடது காலையும் வைத்தார். அதற்குள் துண்டு போடும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துவிட்டார். பல்பு அக்குளில் இருந்தது. முகம் வெள்ளை சிமெண்ட் மாதிரி ஆகிவிட்டது. மேல் உதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. முழுதாக நிமிரக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்து, தவழ்வது போலக் கீழே இறங்கினார்.

“கால் வழுக்குது,” என்றார்.

அந்த நேரம் அம்மா வந்தாள்.  செருப்பை உதறினாள். ஸ்டூலைக்கூடச் சட்டை செய்யாமல், தொட்டி விளிம்பில் ஒரு கால், ஜன்னல் கட்டையில் ஒரு கால் வைத்து மேலே போனாள். ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடம்பை அறையின் நடுப்பக்கமாகச் சாய்த்து, மறு கையால் பழைய பல்பைத் திருகி எடுத்து, புதியதைத் திருகி, கீழே குதித்தாள். வெளிச்சம் வந்தது. “இதுக்குப் போய் இவ்வளவு நேரமா?” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வக்கீல் ஸ்டூலைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். அதற்குப் பிறகு அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.  அம்மா நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

மறுநாள் போதகர் வந்தார். கனத்த உடம்பு, மூன்று மாடி ஏறிய களைப்பில் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். மாமா சலவைக் கடையில் தேய்த்து வாங்கிய சட்டையோடு நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்திருந்தார்.

போதகர் ஜெபித்தார். பிறகு அப்பாவைக் கேட்டார். அப்பா, “சம்மதம்,” என்றார். அம்மாவைக் கேட்டார். அம்மா குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடி, “சம்மதம் ஐயா,” என்றாள். என்னைக் கேட்டார். “சம்மதம்,” என்று சொன்னேன். அந்த வார்த்தை வெளியே வந்த பிறகு தரையைப் பார்த்தேன்.

“நீ சொல்லு தம்பி.”

வக்கீல் எழுந்து நின்றான். “எனக்குச் சம்மதம் இல்லை.”

மாமா தலையைத் தூக்கவில்லை. அதை எதிர்பார்த்திருந்தவர் போல மெதுவாக ஒரு முறை தலையை அசைத்தார். அந்த முகத்தைத்தான் நம்பலாம் என்று முதலில் சொன்னேன். கோபம் இல்லை. ரயில் போய்விட்ட பிறகு பிளாட்பாரத்தில் நிற்கிறவனின் முகம்.

“ஏன்?” என்றார் போதகர்.

“மாமா பொய் சொன்னாங்க.”

“என்ன பொய்?”

“சர்ச் மணியை அவங்க ஏறி அடிச்சதா என்கிட்ட சொன்னாங்க. அவங்களால ஸ்டூல்லகூட நிக்க முடியாது. மணிக்கூண்டுல எப்படி ஏறுவாங்க?”

போதகர் அதை உள்ளே வாங்கிக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது. “அதாவது, செய்யாத தப்பை செஞ்சேன்னு சொன்னாரா?”

“ஆமா. பொய்தானே?”

“பொய்தான்,” என்றார் போதகர். வேறு வழியில்லாதவர் குரலில் சொன்னார். “பெரும்பாலும் ஜனங்க இதைத் திருப்பித்தான் சொல்லுவாங்க. ஏங்க அப்படிச் சொன்னீங்க?”

மாமா வாயைத் திறந்தார், மூடினார்.  கீழே சலவை இயந்திரம் சுற்றுவது தரை வழியாகக் காலில் அதிர்ந்தது. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா குட்டியின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். குட்டி ஏற்கெனவே தூங்கிவிட்டிருந்தான். அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.

“மணியை அடிச்சது நான்,” என்றாள்.

போதகர் நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினார்.

“படிக்கல. அதனால ஏறி அடிச்சேன். காக்கான்னு சொன்னேன். இவன் கீழ நின்னு அழுதுகிட்டிருந்தான், அக்கா விழுந்துடுவான்னு. அதை இவன் தலையில போட்டுப் பிள்ளைங்களுக்குச் சொன்னேன். தூரத்துல இருக்கான், கேக்கப்போறதில்லைனு தைரியம். இவன்கிட்டக் கேட்டப்ப என்னைக் காட்டிக்கொடுக்க மனசில்லாம ஒத்துக்கிட்டான். நான் சமையல்கட்டுல நின்னு கேட்டுட்டு, பாத்திரம் கழுவினேன்.”

வக்கீல் அம்மாவை நோக்கி ஓரடி வைத்தான். “கேக்?”

“அதுவும் நான்தான்.”

“அடியில இருந்தா?”

“ஸ்பூனால.”

“புது ஷூ?”

அம்மா தயங்கினாள். “அது…”

“ஷூ என்னுது,” என்றார் மாமா. முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். “அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்கா. மூணு தடவை நடந்தேன்.”

போதகர் இருமினார். இருமல் நீண்டுகொண்டே போனது. செம்பை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். அதில் தண்ணீர் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“நான் பண்ணினேன்னு சொன்னா நீங்க என் பேச்சைக் கேப்பீங்களோ மாட்டீங்களோன்னு பயம்,” என்று அம்மா வக்கீலிடம் சொன்னாள். ஆறு வயதுப் பிள்ளையிடம் பேசுவது போல இல்லை.

“அம்மா மணிக்கூண்டு ஏறின கதையா?” என்றான் வக்கீல். “தினமும் கேட்டிருப்பேன். தூங்கியிருக்கவே மாட்டேன்.”

போதகர் செம்பைக் கீழே வைத்தார். “தம்பி, நான் இங்க ஒண்ணும் தீர்ப்பு சொல்ல முடியாது. பொய் பொய்தான், நீ சொன்னது சரி. அதைச் சொன்னவங்க ரெண்டு பேரும் இங்கேயே இருக்காங்க. அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு நீயே முடிவு பண்ணு. நான் காத்திருக்கேன்.”

மாமா நாற்காலியிலிருந்து இறங்கி, பழக்கப்பட்டபடி முழங்காலிட்டார். டைல்ஸ் பதிக்கும்போது இருப்பது போலவே. வக்கீலின் உயரத்துக்கு வந்தார்.

“மருமகனே, உன்கிட்டப் பொய் சொல்லிட்டேன். தப்பு. மன்னிச்சுக்கோ.”

அம்மாவும் குட்டியோடு கீழே உட்கார்ந்தாள். “நானும்டா. இவன் பேரைக் கெடுத்தேன். உங்ககிட்டயும் கேக்கிறேன், இவன்கிட்டயும் கேக்கிறேன்.” சொல்லிவிட்டு மாமாவைப் பார்த்தாள். மாமா, “போதும்கா,” என்றார். “கேக்குல எனக்கு ஒரு வாய்கூடக் குடுக்கல, அதுக்குத் தனியா கேளு.”

பெரியவர்கள் இரண்டு பேர் தன் முன்னால் மன்னிப்புக் கேட்பது வக்கீலுக்குப் பழக்கமில்லை. நேற்று வரை அந்த வீட்டில் மன்னிப்புக் கேட்டுப் பழகியவன் அவன் ஒருவன்தான். அவன் என்னைப் பார்த்தான். நான் உதவவில்லை. அவன் காது மடல் சிவந்தது.  ஒரு கேள்வியும் இல்லாமல் அவன் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

“ரெண்டு நிபந்தனை,” என்றான்.

“சொல்லு,” என்றார் போதகர்.

“அம்மா எல்லாக் கதையையும் முதல்ல இருந்து திருப்பிச் சொல்லணும். ஆளை மாத்தாம.”

“சரி,” என்றாள் அம்மா.

“இன்னொண்ணு, அத்தை கதையில உண்மையிலேயே ஒண்ணுமே நடக்கலையான்னு அத்தைகிட்டக் கேக்கணும்.”

அப்பா வாயைத் திறந்து சிரித்தார். “கேக்க வேண்டாம். எனக்கே தெரியும். நான் சொல்றேன். எங்கக்கா பொறுமைசாலியா? எங்க வீட்டுக் கதவுல இன்னும் அவ உதைச்ச பள்ளம் இருக்கு.”

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினோம். அவ்வளவு நீளமாக அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை.

“உங்களுக்கு மணி விஷயமும் தெரியுமா அத்தான்?” என்றார் மாமா.

“தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டா. உயரத்துக்குப் பயப்படாத பொண்ணு, இவளைத்தான் கட்டிக்கணும்னு அன்னிக்குத்தான் முடிவு பண்ணினேன். என் தொழிலுக்கு அது வேணும்ல.”

“அப்ப ஏம்ப்பா சொல்லல?” என்றான் வக்கீல்.

“நீ என்னைக் கேக்கவே இல்லையே.”

வக்கீல் அதை ஏற்றுக்கொண்டான். போதகரைப் பார்த்து, “சம்மதம்,” என்றான். பிறகு மாமாவிடம் போய், அவர் இன்னும் முழங்காலில் இருந்ததால், அவர் தோளில் கை வைத்துக்கொண்டு கேட்டான். “ஆனா நீங்க கீழ நின்னு அழுதீங்களா?”

“அழுதேன்.”

“எவ்வளவு நேரம்?”

“உங்கம்மா இறங்குற வரைக்கும்.”

அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம் நடந்தது. போதகர் குட்டியை மாமாவின் கையில் கொடுத்தார். மாமா அவனை வாங்கிக்கொண்டார். புதிதாகப் பதித்த டைல் மேல் கால் வைத்துவிட்டவர் மாதிரி, இருந்த இடத்திலேயே அசையாமல் நின்றார். ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே போன பிறகும் நின்றார். அம்மா போய்க் கூப்பிட வேண்டியிருந்தது.

அன்று இரவு அம்மா மணிக் கதையைத் திரும்பச் சொன்னாள். “நான் படிக்கல,” என்று ஆரம்பித்தாள். அதே ஏணி, அதே துரு, அதே காற்று. பொய்க்குத் துணைக்கு இன்னொரு பொய்யை அனுப்ப வேண்டியிருக்கிறது என்ற இடம் வந்தபோது மட்டும் நிறுத்தி, கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள். அந்தத் தடவைதான் அது எனக்கு உறைத்தது. மாமா சுவர் ஓரமாக உட்கார்ந்து கேட்டார். ஏணியின் பாதி வந்ததுமே கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு சலவைக் கடை கைமாறியது. நாங்கள் வேறு வீட்டுக்குப் போனோம். போதகர் மாற்றலாகிப் போய், வேறு சபையில் ஓய்வு பெற்றார். அத்தை கடைசிவரை கோபக்காரியாகவே இருந்து, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, தூக்கத்தில் இறந்துபோனாள். அப்பாவும் இப்போது இல்லை. வக்கீல் பல் மருத்துவன் ஆனான். இரண்டு பெண் பிள்ளைகள். குட்டியோ லாரி ஓட்டுகிறான், மாதம் ஒரு முறை மாமா ஊர் வழியாகப் போகிறான். மாமா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முழங்கால் போய்விட்டதால் வேலையை விட்டுவிட்டு, தரைத்தளத்தில் ஒரு அறை எடுத்து இருக்கிறார். அம்மா என்னோடு இருக்கிறாள்.